பக்கம் இரண்டு, கடைசிப் பாட்டு

“போ நதி மேற்கே திரும்பி மலையேறினாலும் ஏறும். நேரியோ காவாஸ்ஸியோட குரல் இன்னொருத்தன் குரலுக்குக் கீழ இறங்காது. பின்பாட்டு பாடுறதுக்கு வேற ஆளப் பாருங்க.”

இந்தப் பிரகடனம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு, ஒரு நவம்பர் பிற்பகலில், இத்தாலியின் பொலோஞா நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிரே இருந்த மதுக்கடையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவருக்கு அப்போது வயது இருபது. வாயில் பாதி ரொட்டி இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெருவரை தெளிவாகக் கேட்டது என்று உடனிருந்தவர்கள் பிற்காலத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். குரல்வளம் அப்படி.

நேரியோ அப்போது ‘கூகைகள்’ என்ற ஐவர் குழுவின் முதன்மைப் பாடகர். போ நதிக்கரைத் தாழ்நிலத்தில், பியேவெ பாஸ்ஸா என்னும் எங்கள் ஊரில் உதித்த குழு அது. அந்தக் காலத்தில் தலைமுடியைக் காதுக்குக் கீழே இறக்கிவிட்ட இளைஞர் ஐந்து பேர் ஒரே மூலையில் நின்றால் அது ஓர் இசைக்குழு என்று கொள்ளப்பட்டது. கருவிகள் பிறகு வரும். கூகைகளுக்கும் அப்படித்தான். முதலில் முடி வந்தது. பிறகு ஒரே துணியில் தைத்த ஐந்து கோட்டுகள் வந்தன. கித்தார்கள் கடைசியாக வந்தன. அவற்றை வாசிக்கும் திறமை அதற்கும் பின்னால், மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது.

அவர்கள் பாடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து இறங்கிய பாட்டுகள். ஐவரில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அது ஒரு தடையாக இருக்கவில்லை. அங்கே மழையைப் பற்றிய பாட்டு என்றால் இங்கே அது ஏமாற்றிப் போன பெண்ணைப் பற்றியதாகிவிடும். அங்கே ரயிலைப் பற்றியது என்றாலும் இங்கே ஏமாற்றிப் போன பெண்தான். எங்கள் மாகாணத்துப் பெண்கள் அவ்வளவு பேரை ஏமாற்றவில்லை, அதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துவிடுவது நியாயம்.

இந்த ஐவரையும் இசைத்தட்டில் ஏற்றியவர் பிராந்தீனி என்ற பன்றித்தீவன வியாபாரி. ஐவரில் எவனோ ஒருவன் மேல் தன் மகளுக்குக் கண் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எவன் என்று தெரியாது. ஐந்து பேரையும் பெரிய பாடகர்களாக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டால் ஆபத்து மொத்தமாக ஒழியும் என்று யோசித்து, பொலோஞாவில் கூடம் பிடித்து, ஐந்நூறு தட்டுகள் அச்சிட ஏற்பாடு செய்தார். எங்கள் நாட்டு மெல்லிசை வரலாற்றின் மிக அபூர்வமான நீள்தட்டுகளில் ஒன்று இப்படித்தான் ஒரு தகப்பனின் கவலையில் பிறந்தது. மகள் பிறகு ஒரு கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொண்டாள்.

அட்டைப் படத்தை ஆற்றங்கரையில் எடுத்தார்கள், நவம்பர் மாதத்தில். படம் எடுத்தவர் வெளியூர்க்காரர், அவருக்கு எங்கள் பனிமூட்டத்தைப் பற்றித் தெரியாது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஆனால் அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பட்டணத்துக்காரர், ஏதோ வித்தை வைத்திருப்பார் என்று நம்பினார்கள். அச்சாகி வந்த அட்டையில் பால் கலந்த வெண்மையும் நடுவே ஐந்து சாம்பல் தீற்றல்களும் இருந்தன. ஐந்தாவது தீற்றல் ஒரு பாப்லர் மரம் என்று கருதுவோரும் உண்டு. இதனால் விளைந்த நன்மை, ஆற்றின் இரு கரைகளிலும் அந்த வயதுக்காரர்கள் எவரும் “இடதுபக்கத்திலேர்ந்து மூணாவது நான்தான்” என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. சொல்லியும் கொண்டார்கள்.

விற்பனை நடக்கவில்லை. பிராந்தீனி தளராமல், தீவன மூட்டை வாங்குபவர்களுக்கு ஆளுக்கொரு தட்டை இலவசமாகத் தந்தார். தீவனம் வாங்க வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது தீவனம். தட்டு பீப்பாய்க்கு மூடியாயிற்று. மிச்சமிருந்த கட்டுகளைத் தீவனம் அவிக்கும் அண்டாவுக்கு மேலே பரணில் அடுக்கினார்கள். அந்தச் சூட்டில் அவை அப்பளம் போல நெளிந்தன. உருப்படியாக மிஞ்சியவற்றை எண்ண ஒரு கைவிரல்கள் போதும்.

இனி, அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுக்கு வருவோம். பிரகடனம் அதனால் விளைந்தது.

எங்கள் ஊரில் பனி இறங்கினால், நீட்டிய கை நம்முடையதுதானா என்று இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த மாதங்களில் படகுத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. இக்கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால், அக்கரையில் அது எவர் காதில் விழுந்தாலும் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். கூப்பிடுவது யார், பகையாளியா பங்காளியா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. பாதிரியார் கூப்பிட்டால் கம்யூனிஸ்ட் பதில் சொல்வான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் படகு கரையைக் கண்டுபிடிக்கும். எங்களிடம் சட்டங்கள் ஏராளம், ஒன்றையும் யாரும் மதிப்பதில்லை. இது சட்டமாக எழுதப்படவில்லை என்பதால் எல்லாரும் மதித்தார்கள்.

இந்த வழக்கத்தை வைத்து ஒரு பாட்டுக் கட்டியவர் வெஸியோ பெர்த்தாஞா. குழுவில் பேஸ் எனப்படும் அடித்தந்திக் கித்தார் வாசித்தவர், நேரியோவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், ஐவரில் மிக நீண்ட முடிக்குச் சொந்தக்காரர். முதல் குரல், ‘அக்கரையில் யாரோ, கேட்கிறதா?’ என்று கூப்பிடும். சற்றுக் கீழே, தொலைவிலிருந்து வருவது போல இரண்டாம் குரல், ‘கேட்கிறது, கேட்கிறது, குரலைப் பிடித்து வா’ என்று பதில் தரும். இப்படியே வரிக்கு வரி ஒரு கூப்பாடு, ஒரு பதில், அவ்வளவுதான் பாட்டு. ஏமாற்றிய பெண் கிடையாது. கூகைகளின் தட்டில் அவர்களுக்கே சொந்தமான ஒரே பாட்டு அது.

முதல் குரல் தன்னுடையது என்பதில் நேரியோவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக்காரர் இருவரையும் முதல் குரல் பாடவிட்டுக் கேட்டுவிட்டு, “இதுக்கு அந்தத் தம்பி குரல்தான் பொருத்தம். நீங்க கீழ்க்குரல் பாடிடுங்க” என்று சொல்லிவிட்டார். நேரியோ கோட்டை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் ரொட்டி கேட்டார். மேலே சொன்ன பிரகடனத்தை வெளியிட்டார். வெஸியோ பின்னாலேயே ஓடிவந்தார்.

“டேய், வாடா. நாலு எடத்துல ‘கேட்கிறது’ன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

“அந்த ஒலிப்பதிவுக்காரனையே சொல்லச் சொல்லு. அவனுக்குத்தான் காது ரொம்ப நல்லா கேட்குதாமே.”

“பதில் இல்லாம அந்தப் பாட்டு பாட்டா இருக்காதுடா.”

“அப்ப அத எழுதுறப்பவே யோசிச்சிருக்கணும்.”

கூடத்தின் வாசலில் அடுத்த பதிவுக்காக ஓர் அக்கார்டியன் கோஷ்டி பெட்டிகளோடு நின்று முறைத்துக்கொண்டிருந்தது. பிராந்தீனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “விடுங்கப்பா. பதில் வேணும்ங்கறவங்க அவங்கவங்க வீட்ல சொல்லிக்கட்டும்” என்றார். அப்படியே பதிவாயிற்று. வெஸியோ கூப்பிடுகிறார். மேளம் மெல்ல நடக்கிறது. பதில் வர வேண்டிய இடம் காலியாகக் கடக்கிறது. மறுபடியும் கூப்பிடுகிறார். மறுபடியும் காலி.

கூகைகளைக் கலைத்தது கருத்து வேறுபாடு அல்ல, கட்டாய ராணுவச் சேவை. முடி போயிற்று, கூடவே குழுவும் போயிற்று. திரும்பி வந்தபோது ஒருவர் பெல்ஜியத்துக்கும், ஒருவர் காப்பீட்டுத் தொழிலுக்கும், ஒருவர் மச்சானின் டிராக்டர் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நேரியோ பால் லாரி ஓட்டினார். தொழுவம் தொழுவமாகப் பாலை ஏற்றி சீஸ் ஆலையில் இறக்குவது வேலை. வழி நெடுகப் பாடுவார், முதல் குரலில். மாடுகள் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. மாகாணத்திலேயே நீளமான முடி வைத்திருந்த வெஸியோ சதுக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடையைத் திறந்தார். இதைப் பற்றி ஊரார் செய்த கேலிகளை அவர் பொறுமையாகக் கேட்டு, செய்தவர்களின் தலையிலேயே பதில் சொன்னார்.

இருவருக்கும் பேச்சு நின்றுபோய்விடவில்லை. அப்படி நின்றிருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும். சீட்டாட்டம், பன்றி அடிக்கும் நாள், பிள்ளைகளின் ஞானஸ்நானம், எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தார்கள். அந்தப் பிற்பகலைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் மாதம் ஒரு முறை நேரியோ முடிவெட்டிக்கொள்ளப் போவார். வெஸியோ அவர் கழுத்தில் துணியைக் கட்டி, பிடரியில் கத்தரியை வைத்ததும், மெல்ல முனகுவார். ‘அக்கரையில் யாரோ, கேட்கிறதா?’ பிறகு கத்தரி நிற்கும். நான்கு தாளம் நேரம் கத்தரி காற்றில் நிற்கும். கண்ணாடியில் நேரியோ தன் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கத்தரி மறுபடியும் ஓடும்.

“என்னடா நிறுத்திட்ட?” என்று ஒரே ஒரு முறை, எண்பதுகளில், நேரியோ கேட்டுப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. காது இருக்குதான்னு பாத்தேன். வெட்டிறப் போறேன்னு.”

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது இப்படியே நடந்தது. கோபம் என்றால் இவ்வளவு காலம் தாங்காது. விளையாட்டு என்றாலும் தாங்காது. இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. அதற்கு எங்கள் பேச்சுவழக்கில் பெயர் கிடையாது, வைக்க எவரும் முயன்றதுமில்லை.

இந்த நிலையில் ஜெர்மனி குறுக்கிட்டது.

ஹொல்கர் என்ற பெயருடைய ஹாம்பர்க் நகரத்துச் சேகரிப்பாளர் ஒருவர், பழம்பொருள் சந்தையில் கூகைகளின் தட்டைக் கண்டெடுத்து, கேட்டு, கண்ணீர் மல்கி, ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். அட்டைப்படத்தின் வெண்மை ‘முகமின்மையின் முதல் அறிக்கை’ என்றார். கடைசிப் பாட்டின் காலியிடங்களைப் பற்றி அவர் எழுதியதைத் தாங்க எங்கள் ஊரின் தோள்களுக்கு வலு போதவில்லை. ‘கேள்வி மட்டும் எஞ்சி, பதில் மறுக்கப்படும் இந்தத் துணிச்சலான மௌனம், தன் காலத்தை இருபது ஆண்டுகள் முந்திச் சென்றது’ என்று முடித்திருந்தார். மொழிபெயர்த்துச் சொன்னது நகராட்சி நூலகத்துப் பெண். நேரியோ இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“அது என்னோட மௌனம்” என்றார் பிறகு. “வேணும்னே செஞ்சது.”

மதுக்கடையில் ஒருவர், “நீ அப்ப ரொட்டி தின்னுட்டு இருந்தேன்னு சொன்னாங்களே” என்றார்.

“தின்னுட்டேதான் மௌனமா இருந்தேன். வாயில ஒண்ணும் இல்லாம எவன் வேணா மௌனமா இருப்பான்.”

அன்றிலிருந்து நேரியோ வேறு மனிதரானார். வீட்டில் இருந்த தன் தட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். பேச்சுக்கு நடுவே திடீரென்று நிறுத்திவிட்டுத் தூரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அவர் மனைவி இல்தெ, பின்னலாடை ஆலையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்தவள், எந்த இழை எங்கே அவிழும் என்று அறிந்தவள், “மௌனமா இருந்துட்டே அந்தக் குப்பைய வெளிய கொண்டுபோய்ப் போட்டுட்டு வா” என்பாள். வெஸியோ அந்த மாதமும் கத்தரியை நிறுத்தினார். சற்று அதிக நேரம் நிறுத்தினார்போல நேரியோவுக்குப் பட்டது.

செப்டம்பர் மாதப் பூசணித் திருவிழாவுக்கு ஹொல்கரை அழைத்துக் கூகைகளைக் கௌரவிப்பது என்று நகராட்சி தீர்மானித்தது. தட்டை ஒலிபெருக்கியில் போடுவது. கடைசிப் பாட்டு வரும்போது நேரியோ மேடையில் வந்து நின்று, உரிய இடங்களில், நேரிலேயே மௌனம் காப்பது. நேரியோ இதற்கு ஒத்திகை பார்த்தார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று விதவிதமாக மௌனம் காத்துப் பார்த்ததை இல்தெ கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள்.

ஜூன் மாதத்தில் வெஸியோ கடையில் விழுந்தார். ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தில் பாதி நுரை இருந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிர் தங்கிற்று. வலது கை தொங்கிற்று. பேச்சு போயிற்று, போகும்போது ஒரே ஒரு தொடரை மறந்து வைத்துவிட்டுப் போயிற்று. வாழ்நாளெல்லாம் நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்ட தொடர்.

“அடுத்தது யாரு?”

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், பேரக்குழந்தையைக் கொஞ்சினாலும் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பாதிரியார் தோன் சிஸ்தோ, கட்டில் கட்டிலாக ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தவர், வெஸியோ தன் கண்ணை நேராகப் பார்த்து “அடுத்தது யாரு?” என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். அவர் அடுத்த வாரமே இதயப் பரிசோதனை செய்துகொண்டதாகக் கேள்வி.

நேரியோ தினமும் போனார். இவர் பேசுவார், அவர் “அடுத்தது யாரு?” என்பார், இவர் அதற்கும் ஒரு பதில் சொல்வார். திரும்பி வரும் வழியில் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். அந்த மௌனத்துக்கு அவர் ஒத்திகை பார்க்கவில்லை. முடி வளர்ந்தது. வேறு கடைக்குப் போகவில்லை. இல்தெ சொன்னாள், “காதுக்குக் கீழ வந்துருச்சு.” “வரட்டும்” என்றார்.

திருவிழா வந்தது. பூசணி வைத்த தோர்த்தெல்லிக் கொழுக்கட்டையும் நுரைக்கும் சிவப்பு ஒயினுமாகச் சதுக்கம் நிறைந்தது. ஹொல்கர் வந்திருந்தார்; வெயிலில் ஜெர்மானிய நிறத்தில் சிவந்து வெந்துகொண்டிருந்தார். வெஸியோவைச் சக்கர நாற்காலியில் முதல் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள் அவர் மனைவி ஸாய்ரா. தட்டு சுழன்றது. கடைசிப் பாட்டின் மேளம் மெல்ல நடக்கத் தொடங்கியதும் நேரியோ மேடையேறினார், தூரத்தைப் பார்த்தார்.

‘அக்கரையில் யாரோ...’ என்று இருபது வயது வெஸியோ ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

கூடவே கீழேயிருந்து இன்னொரு குரல் எழுந்தது. கரகரத்து, ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் சொல் சொல்லாக. ‘அக்கரையில் யாரோ, கேட்கிறதா?’

வெஸியோ பாடினார். மூன்று மாதமாக ஒரே தொடரில் அடைபட்டுக் கிடந்த மனிதர் முழு வரியையும் பாடினார். ஸாய்ரா கையிலிருந்த தோர்த்தெல்லித் தட்டைக் கீழே போட்டாள். வரி முடிந்ததும் வெஸியோ முகத்தை மேடைப்பக்கம் உயர்த்தி, நேரியோவைப் பார்த்துக் காத்திருந்தார்.

சதுக்கம் ஹொல்கருக்காகப் பயபக்தியோடு மூச்சடக்கி நின்றது. நேரியோ மேடையில் நின்றார். வாய் திறக்கவில்லை. நாற்பத்தைந்து வருடப் பழக்கமும் மூன்று வாரத்து ஒத்திகையும் சேர்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டன. மேளம் கடந்தது. ஒலிபெருக்கி வெஸியோ அடுத்த வரியைக் கூப்பிட்டார். நாற்காலி வெஸியோ கூப்பிடவில்லை. உதட்டை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். ஹொல்கர் எழுந்து நின்று கைதட்டினார். ஊரே தட்டிற்று. தன் வாழ்க்கையிலேயே மிகப்பெரிய அந்தக் கரவொலியின் நடுவே மேடையை விட்டு இறங்கும் படி எங்கே இருக்கிறது என்று நேரியோவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஸாய்ரா வந்தாள். கூடவே வெஸியோவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஜியாதா என்ற இளம்பெண்.

“பேச்சு போனவங்களுக்குச் சில சமயம் பாட்டு மட்டும் தங்கியிருக்கும்” என்றாள் ஜியாதா. “பாட்டுல ஒரு சொல் வந்துட்டா, அதே சொல்லை மெல்லப் பேச்சுக்கு இழுத்துட்டு வரலாம். நேத்து நான் என் காதாலயே கேட்டேன். முதல் வரி வருது. அதோட நின்னுடுறார். பதிலுக்குக் காத்துட்டிருக்கார்.”

“தட்ட எடுத்துட்டுப் போங்க” என்றார் நேரியோ. சட்டத்தை அவரே கழற்றினார்.

“தட்டுலதான் பதில் இல்லையே, ஐயா.”

“எனக்குத் தொண்ட கட்டியிருக்கு” என்றார் நேரியோ, ஊருக்கே கேட்கும் குரலில்.

ஸாய்ரா அவரை ஒரு கணம் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க வெஸியோவின் வீட்டுச் சமையலறையில் ஆள் மாற்றி ஆள் பதில் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்பதை இல்தெ ஒவ்வொரு நாளும் மேசையில் சூப்போடு சேர்த்துப் பரிமாறினாள்.

“ஸாய்ரா பாடினா. ‘அடுத்தது யாரு?’ன்னுட்டான். அந்தப் பொண்ணு ஜியாதா பாடிச்சு, கிளி மாதிரி. ‘அடுத்தது யாரு?’ தோன் சிஸ்தோ வந்து பூசை வைக்கிற மாதிரி இழுத்தார். அவருக்கு ரெண்டு தடவ சொன்னான். இன்னிக்கு நான் பாடினேன்.”

“நீயா?”

“நான்தான். கேக்கறதுக்கு முன்னாடியே ‘அடுத்தது யாரு?’ன்னான்.”

நேரியோ கரண்டியால் சூப்பைக் கலக்கினார். “எந்தச் சுருதியில எடுத்தீங்க?”

“எடுத்தோம் ஏதோ ஒண்ணுல.”

“ஏதோ ஒண்ணுல எடுத்தா எப்படி? முதல் பதில் அவன் குரலுக்கு மூணு படி கீழ. ரெண்டாவது ‘கேட்கிறது’ல இன்னும் அரைப்படி இறங்கணும். கடைசியில இழுக்கக் கூடாது, பொட்டுனு விட்டுறணும். அப்பதான் தூரத்திலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும்.”

இல்தெ சூப்புத் தட்டை நகர்த்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். “ஒரு தடவகூடப் பாடாத பதில் உனக்கு எப்படித் தெரியும்?”

“மாசாமாசம் பிடரிக்குப் பின்னால நின்னு முனகினான்னா கழுதைக்குக்கூட வரும்.”

“கழுத பதில் சொல்லியிருக்கும்.”

நேரியோ கரண்டியைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் சொன்னார்: “நான் பதில் சொல்லி, அப்பவும் அவன் மேற்கொண்டு பாடலேன்னா? இப்ப நான் வரலேன்னுதான் நிக்கிறான். நான் வந்தும் நின்னுட்டான்னா?”

இதுதான் விஷயம் என்று இல்தெவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் நாக்கில் ஏற்கனவே தயாராக இருந்த வேறு ஏதோ ஒன்றை விழுங்கினாள்.

“மறுபடியும் சொல்லு” என்றாள். “பனியில ஒரு குரல் குடுத்துட்டு, ஆள் வரலேன்னு எவன்யா வீட்டுக்குப் போனான்? கரை தட்டுற வரைக்கும் குடுத்துட்டேதானே இருப்பாங்க. உங்கப்பா படகுத்துறையில நின்னவர். உனக்கு நான் சொல்லணுமா?”

மறுநாள் காலை நேரியோ போனார். வெஸியோவின் வீடு கடைக்குப் பின்னாலேயே ஒட்டியிருந்தது. வீட்டு நாற்காலிகள் எதுவும் வெஸியோவின் சாய்ந்த உடம்புக்கு ஒத்துவராததால், ஸாய்ரா அவரைப் பகலில் கடைக்குள்ளேயே, ஏற்றி இறக்கிச் சாய்க்கக்கூடிய அந்த முடிவெட்டும் நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தாள். கடைக்கதவு பாதி சாத்தியிருந்தது. சீப்புகள் கண்ணாடிக் குவளையில் அப்படியே இருந்தன.

கதவு திறந்த சத்தத்துக்கு வெஸியோ கண்ணாடியில் பார்த்தார். நேரியோவின் முடியைப் பார்த்தார். அது காதுக்குக் கீழே இறங்கி, நரைத்து, கழுத்துப்பட்டையில் புரண்டுகொண்டிருந்தது. வெஸியோவின் முகத்தில் அசையக்கூடிய பாதி அசைந்தது. தொழில்முறைக் கவலை அது.

“அடுத்தது யாரு?” என்றார்.

“நான்தான்டா” என்றார் நேரியோ.

உட்கார வேறு நாற்காலி இருந்தும் நேரியோ உட்காரவில்லை. வெஸியோவின் பின்னால் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் வைத்தார். கண்ணாடியில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். ஸாய்ரா அடுக்களையில் குழாயை மூடினாள்.

யாரும் தொடங்கி வைக்கவில்லை. தட்டும் சுழலவில்லை. வெஸியோ இடது கையால் தொடையில் மேளத்தைத் தட்டினார், மெல்ல, நான்கு. பிறகு எடுத்தார்.

‘அக்கரையில் யாரோ, கேட்கிறதா?’

கண்ணாடியில் காத்திருந்தார். தொடையில் விரல் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

நேரியோ வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. வெஸியோவின் விரல் நிற்கவில்லை. காலியிடம் கடந்து போயிற்று. வெஸியோ தலையைக் குனியவில்லை. மறுபடியும் அதே வரியைக் கூப்பிட்டார்.

நேரியோ பதில் சொன்னார். ‘கேட்கிறது, கேட்கிறது...’ மூன்று படி கீழே. இரண்டாவதில் இன்னும் அரைப்படி. ‘குரலைப் பிடித்து வா.’ பொட்டென்று விட்டார்.

வெஸியோ மூச்சிழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த வரி அவர் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக, ஈரமான மரத்தைச் சகதியிலிருந்து உருவுவது போல வந்தது: ‘தண்ணீர் பெருகுது... கரை எந்தப் பக்கம்?’ அடுக்களையில் ஸாய்ரா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. நேரியோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்குக் குரல் தானாக உயரும். பால் லாரியில் அத்தனை வருடமும் உயர்ந்து பழகிய குரல். ‘இந்தப் பக்கம், இந்தப் பக்கம்’ என்று அவர் பதில் சொன்னபோது அலமாரியில் சென்ட் புட்டிகள் அதிர்ந்தன. வெஸியோவின் அடுத்த சொல் அந்த முழக்கத்துக்குள் எங்கேயோ தடுமாறிற்று.

வெஸியோ பாட்டை நிறுத்தவில்லை. கண்ணாடியில் நேரியோவைப் பார்த்தபடியே இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே திருப்பி, மெதுவாக இறக்கிக் காட்டினார்.

நேரியோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.